போர்மேன் வீட்டு மப்ளர்

எம். புதுப்பட்டிக்குத் தெற்கே, கண்மாயைத் தாண்டி இருந்த பட்டாசுக் கம்பெனியில் நல்லசிவம் போர்மேன். காலை ஏழரை மணிக்கு வேலிக்கதவுப் பக்கம் அவர் வந்து நின்றால் ஐம்பத்தெட்டுப் பெண்களும் பேச்சை நிறுத்திவிடுவார்கள். கொண்டை ஊசி, ஊக்கு, பெட்டிச் சாவி, இரும்பு என்று எது இருந்தாலும் எடுத்து வாசலில் இருக்கும் மண்சட்டியில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இரும்பும் இரும்பும் உரசினால் பொறி, பொறி மருந்தில் விழுந்தால் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் கருமாதி என்று வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்லுவார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் சொல்லும்போது மீசையைத் தடவிக்கொள்வார் பாருங்கள், அதில்தான் அவருடைய மொத்த உத்தியோகமும் இருந்தது.

ஆரம்பத்தில் அவரும் தரையில் உட்கார்ந்து வெடிகளைத் திரியோடு திரி சேர்த்துச் சரம் பின்னியவர்தான். அந்தக் காலத்தில் அவர் பின்னிய சரத்தில் ஒரு வெடி முந்தியோ பிந்தியோ நின்றதில்லை என்று சொல்வார்கள். போர்மேன் ஆனபிறகு பின்னல் வேலையைத் தொடுவதையே விட்டுவிட்டார். அதட்டுகிறவன் கையில் வேலை இருக்கக் கூடாது, இருந்தால் பயம் போய்விடும் என்பது அவர் கட்சி. தம்முடைய பேர் இந்த வட்டாரத்தில் எதற்காக இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்; அதை அவர் கண்ணுக்குள் வைத்துக் காத்துவந்தார்.

இப்படிப்பட்ட மனிதர் வீட்டுக்குள் கம்பளி நூல் வந்ததற்குச் சீனாக்காரன்தான் காரணம்.

அறுபத்திரண்டாம் வருஷம் தீபாவளி முடிந்து, கடைசி லோடும் போய்ச் சேர்ந்து, கம்பெனி ஓய்ந்திருந்த நேரம். வடக்கே மலையில் சண்டை. ஜவான்கள் குளிரில் வாடுகிறார்கள் என்று ரேடியோவில் சொன்னதும் சிவகாசிக்கு மனசு தாங்கவில்லை. கார்த்திகையிலும் விசிறியைக் கீழே வைக்காத ஊர் அது. குளிர் என்றால் என்னவென்று அறியாதவர்கள் எல்லாரும் கம்பளி பின்னக் கிளம்பினார்கள். கம்பெனி முதலாளி கனகசபாபதியின் மனைவி செல்லக்கனி மாதர் சங்கத்துக்குத் தலைவி. நூறு மப்ளர் பின்னி அனுப்புகிறோம் என்று கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டார். ஐம்பது என்று சொல்லியிருந்தாலும் கைதட்டல் இதே அளவுதான் கிடைத்திருக்கும். யார் எடுத்துச் சொல்வது? மெட்ராஸிலிருந்து பச்சை நூல் மூட்டையாக வந்து இறங்கிய அதே வாரத்தில் சண்டை நின்றுவிட்டது என்றும் செய்தி வந்தது.

"சண்டைதான நின்னுருக்கு, குளிரா நின்னுருக்கு?" என்று செல்லக்கனி கேட்டார். நியாயமான கேள்வி என்பதால் எல்லாரும் நூலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள்.

இரண்டு ஊசி வைத்துப் பின்னுவது நம் ஊர்க் கைகளுக்கு வராது என்று யாரோ யோசித்து, நூலோடு ஆணிச் சட்டங்களையும் அனுப்பியிருந்தார்கள். ஒரு முழ நீளக் கட்டை, அதன் மேல் வரிசையாக முப்பது இரும்பு ஆணி, கையில் பிடிக்க ஒரு வளைந்த கம்பி. ஆணியில் நூலை மாட்டி மாட்டி எடுத்தால் கீழே துணி இறங்கும். போர்மேன் பெண்சாதி சேராமல் இருந்தால் நன்றாகவா இருக்கும் என்று செல்லக்கனி ஒரு சட்டத்தையும் நான்கு உருண்டை நூலையும் நல்லசிவத்தின் மனைவி பொன்னுத்தங்கத்தின் கையில் கொடுத்து அனுப்பினார்.

பொன்னுத்தங்கம் தாயில்பட்டிக்காரி. அவளுக்கு வாய் ஓயாது. கைதான் சீக்கிரம் ஓய்ந்துவிடும். ஒரு வாரம் முக்கி முனகி ஒரு முழம் பின்னினாள். பின்னியதைச் சட்டத்திலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தால் இரண்டு ஓரமும் உள்பக்கமாகச் சுருண்டு ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. நல்லசிவம் அதற்குள் விரலை விட்டுப் பார்த்தார்.

"இது என்ன புள்ள?"

"மப்ளரு."

"குழலுல்லா இருக்கு! உள்ள மருந்த இடிச்சுத் திரி வச்சுவிட்டா, சிப்பாய்க்குக் கழுத்துக்கும் ஆச்சு, சண்டைக்கும் ஆச்சு."

"சிரிக்காதீக. எனக்கு அழுகையா வருது. ஒரு வரிசை நிட்டு, ஒரு வரிசை பர்லுன்னு மாத்தி மாத்திப் போட்டாத்தான் ஓரம் சுருளாம நிக்குமாம். அந்தப் பர்லுதான் எனக்கு வரமாட்டேங்கு. எனக்கு மட்டுமா, சங்கத்துல ஒருத்திக்கும் வரல. முதலாளியம்மாவுக்கே வரல. அவுக பின்னுனது என்னோடத விடச் சுருண்டுருக்கு, யாரும் சொல்லுறதில்ல."

நிட் லேசு. ஆணியில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் நூல் வளையம்தான் கண்ணி. அதற்கு மேலே நூலைப் போட்டு, பழைய கண்ணியைக் கம்பியால் தூக்கி ஆணித் தலைக்கு மேலாகப் பின்னால் தள்ளினால் முடிந்தது. பர்லுக்கு நூல் கண்ணிக்குக் கீழே இருக்க வேண்டும். கம்பியை மேலிருந்து கண்ணிக்குள் இறக்கி, கீழே கிடக்கும் நூலைப் பிடித்து மேலே இழுத்து, பழைய கண்ணியைக் கழற்றிவிட்டு, இழுத்த நூலைப் புதுக் கண்ணியாக மாட்ட வேண்டும். ஆணிக்குப் பெரிய தலை. கண்ணி இறுகிப் போயிருக்கும். கழற்றினால் வராது, வந்தால் பக்கத்துக் கண்ணியையும் கூட்டிக்கொண்டு வரும். ஒரு வரிசைக்கு முப்பது தடவை இந்தப் பாடு.

இத்தனையையும் பொன்னுத்தங்கம் விளக்கிக்கொண்டிருக்க, நல்லசிவத்தின் கண் ஆணியிலேயே நின்றது. வீட்டுக்குள் முப்பது இரும்பு ஆணி! இரும்பு கூடாது என்ற கம்பெனிக் கட்டுப்பாடு வேலிக்குள் மட்டும்தான். அவர் அதைத் தம் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். அவர் வீட்டில் காலண்டர்கூட மர முளையில்தான் தொங்கியது. அரிவாள்மணைக்கு மட்டும் விலக்கு உண்டு, காய் நறுக்காமல் குழம்பு வைக்க முடியாது என்பதால்.

"நாளைக்கே இதக் கொண்டுபோய்க் குடுத்துரு. பலவேசத்துக்கிட்டச் சொல்லி வேற செஞ்சு தாரேன்" என்றார்.

பலவேசம் கம்பெனிக்கு கொட்டாப்புளி என்னும் மரச் சுத்தியலும் மூங்கில் கரண்டியும் செய்து தரும் தச்சர். இருபது வருஷமாக இரும்பில்லாமல் வேலை செய்து பழகியவர். ஆணிக்குப் பதிலாக முப்பது மூங்கில் முளைகளை இறக்கி, எல்லாவற்றையும் வழவழவென்று தேய்த்து, ஒரு மூங்கில் கொக்கியும் சீவிக் கொடுத்தார். ஆணிக்குத் தலை உண்டு. மூங்கில் முளைக்குத் தலை கிடையாது. இது அவர் யோசித்துச் செய்தது இல்லை. அவருக்குத் தலையில்லாமல்தான் செய்யத் தெரியும்.

சட்டம் வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் நல்ல மழை. மழை பிடித்தால் கம்பெனியில் அரைநாளோடு வேலை நின்றுவிடும். பொன்னுத்தங்கம் பக்கத்து வீட்டில் பேசப் போனவள் மழையைச் சாக்கிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சட்டம் உறுதியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்ப்பது தம் கடமை என்று நல்லசிவத்துக்குத் தோன்றியது. முளைகளை ஆட்டிப் பார்த்தார். நூல் மாட்டினால் தாங்குமா என்று மாட்டிப் பார்த்தார். ஒரு வரிசை நிட் போட்டார். பிறகு நூலைக் கண்ணிக்குக் கீழே கிடத்தி, கொக்கியை மேலிருந்து இறக்கி, நூலைப் பிடித்து மேலே இழுத்தார். பழைய கண்ணியை இடதுகைப் பெருவிரலால் லேசாகத் தள்ளினார். அது முளையை விட்டு வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது. அந்த இடத்தில் புதுக் கண்ணியை மாட்டி, நூலைத் தொட்டும் தொடாமலும் இழுத்தார். பர்ல்!

அடுத்த முளையிலும் அப்படியே வந்தது. அதற்கடுத்ததிலும் வந்தது. சரம் பின்னுகிறவன் திரியை இறுக்கினால் திரி ஒடிந்துவிடும். அதனால் அவர் கை கண்ணிகளைத் தானாகவே தளர்வாக விட்டிருந்தது. கண்ணி தளர்ந்திருந்தால் பர்ல் என்பது ஒரு வேலையே இல்லை. முப்பதாவது முளையை முடித்து நிமிர்ந்தபோது நல்லசிவத்துக்கு முகமெல்லாம் சிரிப்பு. இத்தனை வருஷத்தில் அவர் யாரையும் அதட்டாமல் செய்து முடித்த முதல் காரியம் அது.

மழை விட்டுப் பொன்னுத்தங்கம் வந்து பார்த்தபோது ஒரு சாண் துணி இறங்கியிருந்தது. ஓரம் தட்டையாகக் கிடந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள்.

"இது நீங்களா?"

நல்லசிவம் முதல் காரியமாகக் கதவைத் தாழ் போட்டார். இரண்டாவதாக, இதை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று இருக்கன்குடி மாரியம்மன் பேரில் அவளிடம் சத்தியம் வாங்கினார்.

"பொம்பளையாட்டம் கம்பளி பின்னுதான்னு தெரிஞ்சா நாளைக்கு வாசல்ல ஒருத்தி ஊக்கக் கழட்டுவாளா? எம் பேரு என்னத்துக்கு ஆகும்?"

"அழகா இருக்குங்க" என்றாள் பொன்னுத்தங்கம். அவள் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அதன்பிறகு மழை பெய்த மத்தியானமெல்லாம் போர்மேன் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. அந்த வருஷம் கார்த்திகையில் நல்ல மழை. மப்ளர்கள் ஒவ்வொன்றாகச் சங்கத்துக்குப் போயின. ஒரு சுருக்கம் கிடையாது, ஒரு கண்ணி தப்பாது. செல்லக்கனி ஒவ்வொன்றையும் தூக்கிப் பிடித்து, "இப்பிடிப் பின்னணும். பொன்னுத்தங்கம் கையப் பார்த்துப் படிங்க" என்று மற்றவர்களிடம் சொன்னார். பொன்னுத்தங்கம் தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் நல்லசிவம் கேட்பார்.

"என்ன சொன்னாக?"

"நல்லாருக்குன்னாக."

"நல்லாருக்குன்னா எப்பிடி? ஓரத்தப் பார்த்தாகளா?"

"பார்த்தாக. பொன்னுத்தங்கம் கைராசின்னாக."

அதைக் கேட்டு நல்லசிவத்துக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், வயிறும் எரியும். கட்டின பெண்சாதி மேல் பொறாமைப்படுவது மானக்கேடு என்று அவருக்கே தெரிந்தது, ஆனாலும் பட்டார். ஒரு நாள், மற்றவர்களுடையதைவிட நம்முடையது எத்தனை விரற்கடை அகலம் என்று அளந்து வரச் சொல்லி அனுப்பினார்.

மார்கழி பிறக்க நான்கு நாள் இருக்கும்போது விஷயம் முற்றியது. நூறு மப்ளர் சொன்ன சங்கத்தில் முப்பத்தொன்பதுதான் சேர்ந்திருந்தன. அதில் பாதி குழல். செல்லக்கனி யோசித்தார். கம்பெனியில் மழைக்கு வேலையில்லாமல் ஐம்பத்தெட்டுப் பெண்கள் இருக்கிறார்கள்; பேக்கிங் ஷெட் காலியாகக் கிடக்கிறது; பலவேசம் இருக்கிறார். ஆள் போட்டு ராப்பகலாகச் செய்யச் சொல்லி மூங்கில் சட்டங்களுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு, போர்மேனுக்கும் அவர் பெண்சாதிக்கும் சேர்த்து ஆள் அனுப்பினார். திங்கட்கிழமை காலையில் பொன்னுத்தங்கம் பேக்கிங் ஷெட்டில் எல்லாருக்கும் பர்ல் சொல்லித்தர வேண்டும். மெட்ராஸிலிருந்து ஒரு ராணுவ அதிகாரியின் சம்சாரமும் பார்க்க வருகிறார்.

பொன்னுத்தங்கம் மூன்று நாளில் எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்று புருஷனிடம் உட்கார்ந்தாள். அவரும் கற்றுக்கொடுத்தார். அவருக்குத் தெரிந்த விதத்தில்தான் கற்றுக்கொடுத்தார்.

"நூல இறுக்காதேன்னு எம்புட்டுத் தடவ சொல்ல? விடு, தளர விடு! தளர விடுங்கேன்!"

அதட்ட அதட்ட அவள் கை இறுகியது. கை இறுக இறுகக் கண்ணி இறுகியது. இறுகிய கண்ணியைக் கழற்றினால், முளைக்குத் தலை இல்லாததால், பக்கத்தில் நாலு கண்ணி சேர்ந்து அவிழ்ந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு அவள் சொன்னாள்:

"எனக்கு வராதுங்க. நீங்களே வந்து காமிச்சிருங்க. ஒண்ணும் ஆகாது."

"எது ஒண்ணும் ஆகாது? ஐம்பத்தெட்டுப் பேரு முன்னாடியா?"

"அப்ப நான் மட்டும் நிக்கணுமா?"

"நீ நிட்டக் காமிச்சுக்கிட்டே இரு. ஆபீசர் சம்சாரம் எம்புட்டு நேரம் இருக்கப் போறாக? காப்பி குடிச்சிட்டுப் போயிருவாக."

பொன்னுத்தங்கம் அவரை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். அன்று அவள் அதிகம் பேசவில்லை. நல்லசிவம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பேக்கிங் ஷெட்டில் பாய் விரித்து ஐம்பத்தெட்டுப் பெண்களும் சட்டத்தை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் இரண்டு நாற்காலி. ஒன்றில் செல்லக்கனி, இன்னொன்றில் மெட்ராஸ் அம்மா. காப்பியைப் போகும்போது குடிக்கிறேன் என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். நடுவில் பொன்னுத்தங்கம் நின்றாள். நல்லசிவம் வழக்கம்போல வாசலில் நின்று மீசையைத் தடவிக்கொண்டார்.

நிட் வரிசை நல்லபடியாகப் போயிற்று. இன்னொரு நிட் வரிசையும் போயிற்று. மூன்றாவது வரிசையையும் அவள் நிட்டாகத் தொடங்கியபோது மெட்ராஸ் அம்மா புன்சிரிப்போடு, "பர்லைக் காட்டுங்களேன், அதைப் பார்க்கத்தானே வந்தேன்" என்றார்.

பொன்னுத்தங்கம் நூலைக் கண்ணிக்குக் கீழே வைத்தாள். கொக்கி உள்ளே போக மறுத்தது. குத்தி நுழைத்து இழுத்தாள். இரண்டு கண்ணி அவிழ்ந்தது. "இருங்கம்மா" என்று மாட்டிவிட்டு மறுபடி இழுத்தாள். ஐந்து அவிழ்ந்தது. நெற்றி வேர்வை நூலில் சொட்டியது. செல்லக்கனி, "பதறாத பொன்னுத்தங்கம், நீ எம்புட்டுப் பின்னியிருக்க!" என்றார். தைரியம் சொல்லத்தான் சொன்னார். அது இவளுக்கு இன்னும் கேடாய் முடிந்தது.

நல்லசிவம் ஒன்றைக் கவனித்தார். தடுமாறிக்கொண்டிருந்தவளை ஒருத்தியும் பார்க்கவில்லை. ஐம்பத்தெட்டுப் பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரைத்தான் பார்த்தார்கள். சிரித்தால் போர்மேன் தொலைத்துவிடுவார் என்று பயப்படுகிறார்கள் என அவர் நினைத்தார். அப்படியும் அங்கே நிற்க முடியவில்லை. தீப்பிடித்தால் ஊற்றுவதற்காக ஷெட்டின் பின்பக்கம் தண்ணீர்ப் பானைகள் வரிசையாக இருக்கும். அவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்று திடீரென்று அவருக்கு ஞாபகம் வந்தது. போனார். ஒவ்வொரு பானையாக மூடியைத் திறந்து பார்த்தார், எண்ணினார். மழைக்காலத்தில் எந்தப் பானை காலியாக இருக்கப் போகிறது? ஒரு தடவை எண்ணி முடித்து இன்னொரு தடவையும் எண்ணினார்.

திரும்பி வந்தபோது பொன்னுத்தங்கம் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். பாதித் துணி அவிழ்ந்து நூல் காலடியில் கிடந்தது. மெட்ராஸ் அம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்லக்கனியின் முகத்தில் சந்தேகம் வந்திருந்தது.

"உண்மையைச் சொல்லு பொன்னுத்தங்கம். அதெல்லாம் நீ பின்னுனதுதானா? இல்ல கடையில வாங்கியாந்து குடுத்தியா?"

பொன்னுத்தங்கம் வாயைத் திறக்கவில்லை. ஓயாத வாய் அது. மூடியபடி நின்றது. அதைப் பார்த்ததும் நல்லசிவம் மீசையிலிருந்து கையை எடுத்தார். பெண்களுக்கு நடுவில் வழி விலக்கிக்கொண்டு போய், அவள் கையிலிருந்த சட்டத்தை வாங்கி, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எல்லாரும் இங்கன பாருங்க. மொதல் வரிசைய இறுக்காதீக. கண்ணி தொங்கினாப்புல இருக்கணும். நூல் கீழ. கொக்கி மேல இருந்து. இழு. பெருவிரலால பழசத் தள்ளு, அதுவா வரும். புதுச மாட்டு. அம்புட்டுத்தான்."

ஒரு வரிசை முழுக்கப் பின்னினார். தலையைத் தூக்கவே இல்லை. சிரிப்பு எப்போது கிளம்பும் என்று காதை மட்டும் தீட்டிக்கொண்டிருந்தார். சிரிப்பு வரவில்லை. முன்வரிசையில் இருந்த வெள்ளைத்தாய், திரி வெட்டுகிறவள், வயதில் மூத்தவள், அவள்தான் பேசினாள்.

"அண்ணாச்சி, புதுக் கண்ணிய மாட்டுனப்பெறவு நூல எந்தக் கையால இழுக்கீக?"

அவள் கேட்ட விதத்தைப் பார்த்தால், அவர் நேற்றும் முந்தாநாளும் அங்கே உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தார் என்று தோன்றும். நல்லசிவம் சொன்னார். ஐம்பத்தெட்டுப் பேரும் கொக்கியை எடுத்தார்கள். சரம் பின்னிய கைகள் அல்லவா, கால்மணி நேரத்தில் பாதிப் பேருக்குப் பர்ல் வந்துவிட்டது. மெட்ராஸ் அம்மா கைதட்டினார். இப்படி ஒரு ஆம்பளையை எங்கள் பக்கத்தில் பார்க்க முடியாது என்றார். செல்லக்கனி அதைத் தம் ஏற்பாடாகவே எடுத்துக்கொண்டு, காப்பிக்கு எழுந்தார்.

அவர்கள் போனதும் நல்லசிவம் வெள்ளைத்தாயிடம் வந்தார்.

"சிரிக்கணும்னா இப்பச் சிரிச்சுருங்க. நாளைக்கு வாசல்ல சிரிக்கப்பிடாது."

"எதுக்கு அண்ணாச்சி சிரிக்கணும்? கார்த்திகை மாசமே தெரியுமே."

"என்னது?"

"மதினி கெணத்தடிக்குக் கொண்டாந்து காமிச்சாகள்ல? முந்தானைக்குள்ள மறைச்சுக் கொண்டாந்து, 'எங்க வீட்டு மனுசன் பின்னுனதப் பாருங்கடி, ஓரத்தத் தொட்டுப் பாருங்கடி'ன்னு ஒவ்வொருத்திக்கும் காமிச்சாக. சத்தியம் பண்ணிருக்கேன், அதுக்குப் பரிகாரமா இருக்கன்குடிக்கு ஒரு சேவல் நேந்துக்கிட்டேன்னு சொல்லித்தான் காமிச்சாக."

நல்லசிவம் சுற்றிலும் பார்த்தார். ஐம்பத்தெட்டுப் பேரும் ஆமாம் என்பதுபோல் பின்னிக்கொண்டிருந்தார்கள்.

"பெறகு ஏன் ஒருத்தியும் ஒரு வார்த்த கேக்கல?"

"நீங்க மறைக்கீக. மறைக்கிற மனுசங்கிட்டப் போய் என்னத்தக் கேக்க? காலையில வாசல்ல நீங்க மொறைச்சுக்கிட்டு நிக்கையில சிரிப்ப அடக்குறதுதான் பெரும்பாடு. ஊக்கு எங்களுக்குத் தெரியாதா அண்ணாச்சி? வெடிச்சா எங்க மேலதான் வெடிக்கும். நீங்க இல்லாட்டியும் கழட்டிப் போட்டுட்டுத்தான் வருவோம்."

இத்தனை நாளாக அவர் பெயரை ஐம்பத்தெட்டுப் பேர் சேர்ந்து காப்பாற்றிவந்திருக்கிறார்கள். அவமானமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்கு நடக்கும்போது நல்லசிவத்துக்கு உடம்பு லேசாக இருந்தது. கண்மாய்க் கரையில் ஒரு தடவை தனியாகச் சிரித்தும்விட்டார். எல்லாருக்கும் தெரிந்தும் உலகம் இடியவில்லை. ஆபீசர் சம்சாரமே கைதட்டியிருக்கிறாள். இனிக் கதவைச் சாத்த வேண்டியதில்லை. வெளிச்சத்தில் உட்கார்ந்து பின்னலாம்.

பொன்னுத்தங்கம் அவருக்கு முன்பே வீட்டுக்கு வந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏ புள்ள, சத்தியத்த மீறினதும் இல்லாம மாரிக்கு ஒரு சேவல் வேறயா? அந்தச் சேவல யாரு வாங்க?" என்று கேலியாகக் கேட்டுக்கொண்டே அவள் எதிரில் உட்கார்ந்தார். தாம் மன்னித்துவிட்டது அவளுக்குத் தெரிய வேண்டும் என்று குரலை நன்றாக இளக்கிக்கொண்டார்.

"நீங்க செஞ்சது அம்புட்டு அழகா இருந்துச்சு. சொல்லாம இருக்க முடியல."

"சரி விடு. அதான் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுபோச்சுல்ல? அவளுகளுக்கெல்லாம் தெரியும்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா மொதல்லயே வந்து காமிச்சிருப்பேன். உனக்கும் இம்புட்டுத் தவிப்பு இருந்திருக்காது."

பொன்னுத்தங்கம் கீரைத்தண்டை ஒடித்துப் போட்டாள்.

"அதனாலதான் சொல்லல."

"என்ன?"

"அவளுகளுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். அவளுக எதுக்க நிக்க எனக்கு என்ன பயம்? முதலாளியம்மா என்னக் கள்ளின்னு நெனச்சாக, அதுகூடப் போகட்டும். எனக்காக நீங்க எப்ப வருவீகன்னு பார்த்துக்கிட்டுத்தான் நின்னேன். அவளுகளும் அதத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாளுக."

"வந்தேன்ல?"

"வந்தீக" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் நல்லசிவத்துக்குப் பதில் சொல்ல வசதியாக இருந்திருக்கும். "நடுவுல எங்கயோ போனீகளே, எங்க போனீக?"

பொய் சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். வரவில்லை.

"பின்னாடி. தண்ணிப் பானைய எண்ண."

"எத்தன இருந்துச்சு?"

"பன்னெண்டு."

"சரியா இருக்கா?"

"இருக்கு."

பொன்னுத்தங்கம் கீரையை அள்ளிக்கொண்டு எழுந்து, கழுவுவதற்காகப் பின்பக்கம் போனாள்.